பந்தியில் எழுந்த மாமனார்

அன்னவாசல் பக்கம் கல்யாணம் வைத்தவர்கள் சமையலுக்கு அய்யாக்கண்ணுவைக் கூப்பிட வரும்போது, வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டுவதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்பார்கள். "ஒங்க மச்சினன் நாகராசும் வருவான்ல?"

வருவான் என்று சொன்ன பிறகுதான் தட்டு நகரும்.

நாகராசு பெரிய கைமணக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். அவன் வைத்த சாம்பாரில் ஒரு நாள் புளி தூக்கும், ஒரு நாள் பருப்பு கரையாது. அவனுடைய அக்கா சொர்ணவல்லி, தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவள்கூட, அவன் சமையலைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். ஊர் அவனைக் கேட்டது காய்கறிக்காக.

கல்யாணத்துக்கு முதல் நாள் பிற்பகலில் ஊர் கூடிக் காய் நறுக்கிக் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பந்தலுக்குப் பின்னால் பாயை விரித்துப் பரங்கியும் பூசணியும் வாழைக்காயும் குவித்துவிட்டால், வீட்டுக்கு ஒருவர் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வேண்டும். வருவார்கள். ஆனால் ஒரு பூசணி முடிவதற்குள் ஒருத்திக்குப் பிள்ளை அழும், ஒருவனுக்கு மாடு அவிழ்த்துக்கொள்ளும். கடைசியில் காய்க்குவியலும் சமையல்காரர்களும்தான் மிச்சம். நாகராசு இருந்த இடத்தில் அப்படி நடந்ததில்லை. அழைப்பு இல்லாதவர்கள்கூட வந்து கத்தி கேட்டு வாங்கிக்கொண்டு உட்காருவார்கள். ஏனென்றால் அவன் 'வாடகை மாமனார்' சொல்லுவான்.

அது ஒரு சிரிப்புப் படம். யுத்தத்துக்கு முந்தி வந்தது. ஒண்டிக்கட்டையான ஒரு வாலிபன், நல்ல வீட்டில் குடியிருக்க இடம் வேண்டும் என்பதற்காக, தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, மாமனார் பெரிய மிராசுதார் என்று வீட்டுக்காரரிடம் அளந்துவிடுகிறான். அந்த மாமனாரைக் கூட்டி வா, பார்க்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். வாலிபன் தெருவில் முறுக்கு விற்கும் ஒருவனைப் பிடித்து, பட்டு வேட்டி கட்டிவிட்டு, கையில் குடையைக் கொடுத்து, மாமனாராக வாடகைக்கு அமர்த்துகிறான். வந்தவன் திரும்பிப் போகிற வழியாக இல்லை. இதற்குள் வாலிபனுக்கு நிஜமாகவே பெண் அமைந்து, நிஜ மாமனாரும் வந்து இறங்குகிறார். ஒரே ஊஞ்சலில் இரண்டு மாமனார்கள். கதை அவ்வளவுதான்.

அதை நாகராசு சொல்லும்போது அவனைத் தவிர எல்லாரும் அங்கே இருப்பார்கள். முறுக்குக்காரன் வருவான், வீட்டுக்காரர் இருமுவார், ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிடும். கை மட்டும் அதுபாட்டுக்கு வாழைக்காயைச் சீவிக்கொண்டிருக்கும்.

சின்ன வயதில் அவன் இப்படிப் பேசக்கூடியவன் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தாயும் தகப்பனும் ஒரே காய்ச்சலில் போனபோது அவன் தவழ்கிற பிள்ளை. சொர்ணவல்லிதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி அய்யாக்கண்ணு வீட்டுக்குப் போனபோதும் அவனையும் கூட்டிக்கொண்டே போனாள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டான். அவளுக்கு அதைவிட ஒரு வகுப்பு கூட. அய்யாக்கண்ணு சமையல்காரர், அவள் சாமான் அளந்து கொடுப்பவள். அவள் அளந்த உப்பை யாரும் இரண்டாம் முறை ருசி பார்த்ததில்லை. தம்பிக்கு வாய்த்தது விறகு தள்ளுகிற வேலையும் காய் நறுக்குகிற வேலையும்.

ஒரு கல்யாணத்தில், பூசணிக்காய்க்கு மீசை வைத்ததுபோல் பேசி அவன் ஏதோ வேடிக்கை சொன்னான். சொந்தமாக நினைத்துச் சொன்னது. சுற்றி இருந்தவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "வாய அடக்கிட்டு வேலையப் பாருடா" என்றார் கல்யாண வீட்டுக்காரர். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு பல வருஷங்கள் அவன் கூட்டத்தில் வாயைத் திறந்ததில்லை.

பிறகு ஆத்மநாதனின் டூரிங் கொட்டகை புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு பொட்டலில் கூடாரம் போட்டது. கொட்டகை ஆட்களுக்குச் சோறாக்க ஆள் தேவைப்பட்டது. நாகராசு போனான். அந்தக் கோடை முழுக்க ஓடியது 'வாடகை மாமனார்'. அடுப்பை அணைத்துவிட்டு, கைச் சாம்பலைத் துடைத்தும் துடைக்காமலும் மணலில் போய் உட்கார்ந்துவிடுவான். கடைசி நாள் ஆட்டத்துக்கு அக்காவையும் வரவழைத்தான். அவள் ஒரே ஒரு தரம்தான் பார்த்தாள். வெளியே வரும்போது, "முறுக்குக்காரன் குடைய எடக்கையில வச்சுக்கிட்டுத்தான் படியேறுறான். உள்ள போனா வலக்கையில இருக்கு. எவனுமே கவனிக்கலையாடா?" என்று கேட்டாள். கொட்டகைக்காரர்கள் அடுத்த ஊரில் கவனித்துப் பார்த்தார்கள். அவள் சொன்னது சரிதான்.

கொட்டகை போன பிறகு வந்த முதல் கல்யாணத்தில், காய் நறுக்குகிற பாயில், யாரோ அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டார்கள். நாகராசு சொல்லத் தொடங்கினான். சிரித்தார்கள். பூசணிக்காய்க்குச் சிரிக்காத அதே ஆட்கள்தான். அன்றைக்கு அவனுக்கு ஒன்று விளங்கியது: படத்துக்காரன் சொன்னதாகச் சொன்னால் சிரிப்பார்கள்; சமையல்காரன் சொன்னதாகச் சொன்னால் வேலையைப் பார் என்பார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் தொடங்குவதற்கு முன், "படத்துல உள்ளது உள்ளபடி சொல்றேன். ஒண்ணு கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்" என்று சொல்லிக்கொள்வது அவன் வழக்கமாயிற்று. அது உண்மையாகவும் இருந்தது, ஆவுடையார்கோவில் பக்கத்துக் கல்யாணம் வரைக்கும்.

அது ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டு விறகெல்லாம் நனைந்து, அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. முகூர்த்தம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் காத்திருக்கிறார்கள். பசி. இலை போடவில்லையா என்று ஒருவர் எழுந்து துண்டை உதறிவிட்டார். அய்யாக்கண்ணு ஓடி வந்து, "மாப்ள, சோறு வேக இன்னும் ஆகும். இவங்கள ஒக்கார வையி. என்னத்தையாச்சும் சொல்லு" என்று நாகராசைப் பந்தலுக்குள் தள்ளிவிட்டார்.

அவன் படம் சொன்னான். ஊஞ்சல் ஆடி முடிந்தது. படமும் முடியப் போகிறது. அடுப்பங்கரையைப் பார்த்தால் இன்னும் புகை. முடிந்தது என்று சொன்னால் இவர்கள் எழுந்துவிடுவார்கள். அவன் வாய் தானாகவே, "ஊஞ்சல விட்டு எறங்குனதும் ரெண்டு மாமனாரையும் பந்தியில ஒக்கார வைக்கிறாங்க" என்றது.

முறுக்குக்காரனுக்குத் தலைவாழை இலை. முதல் பந்தி, முதல் இலை. ஆனால் அவன் கை சும்மா இருந்து பழகாத கை. எதிரே ஒருவன் அவியலை இலையின் தப்பான மூலையில் வைக்கிறான். இவனால் தாங்க முடியவில்லை. "என்னப்பா பரிமாறுற நீ?" என்று எழுந்து, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, வாளியைப் பிடுங்கிக்கொள்கிறான். நிஜ மாமனாருக்கு இரண்டு கரண்டி. வீட்டுக்காரருக்கு, "கூச்சப்படாம சாப்புடுங்க!" என்று இன்னொரு கரண்டி. பந்தி முழுக்கச் சுற்றிப் பரிமாறிக்கொண்டு வருகிறவன் கடைசியில் ஒரு வெற்று இலைக்கு முன்னால் நிற்கிறான். ஆள் இல்லை. அது அவனுடைய இலைதான். அவனுக்கு அது தெரியவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்துகிறான்: "இங்கன இருந்தவன் எங்கப்பா? எலையப் போட்டதும் எந்திரிச்சுப் போயிட்டானே! மாமனாராம் மாமனாரு, மட்டு மரியாத தெரியாத பய!"

துண்டை உதறிய ஆள் அந்தத் துண்டாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சோறு வெந்தது.

வண்டியில் திரும்பி வரும்போது சொர்ணவல்லி தம்பியையே பார்த்துக்கொண்டு வந்தாள். "டேய், பந்தி படத்துல இல்லையே."

"சும்மா இருக்கா."

"நான் பாத்தேன்டா. ஊஞ்சலுக்குப் பெறகு வீட்டுக்காரரு மன்னிச்சிட்டேங்குறாரு, முடிஞ்சு போச்சு."

"இப்ப யாரு இல்லேன்னா? ஒன் வாயக் கட்டு. நானா சொன்னேன்னு தெரிஞ்சா மறுபடி என்னய வெறகு தள்ளத்தான் சொல்லுவாங்க."

அவள் வாயைக் கட்டிக்கொண்டாள். அது எளிதாக இருக்கவில்லை. போகிற ஊரிலெல்லாம் ஜனங்கள் பந்திக் காட்சியைத்தான் கேட்டார்கள். யாராவது இடத்தை விட்டு எழுந்தால் போதும், "இங்கன இருந்தவன் எங்கப்பா?" என்று பஸ்ஸிலும் சந்தையிலும்கூடக் குரல் கேட்டது. கேட்டுவிட்டு, "அந்தப் படம் எடுத்தவன் மூளைக்காரன்யா" என்பார்கள். எவனோ மெட்ராஸ்காரன் மூளையாம். அப்போதெல்லாம் அவள் அரிசி அளக்கிற படியை மூட்டைக்குள் கொஞ்சம் வேகமாகக் குத்துவாள்.

யுத்தம் வந்தது. அரிசிக்கு ரேஷன் வந்தது, பந்திகள் சுருங்கின, பழைய படத்தின் பிரிண்டு எங்கோ தேய்ந்து போயிற்று. நாகராசுக்குக் கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். படத்தைப் பார்த்தவர்களைவிட அவன் சொல்லிக் கேட்டவர்கள் பல மடங்கு ஆனார்கள். கேட்டவர்கள் எல்லாரும் தாங்கள் பார்த்ததாகவே நம்பினார்கள்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம், வைகாசியில், ஆத்மநாதனின் கொட்டகை அன்னவாசலுக்கே வந்து கூடாரம் போட்டது. தட்டி கட்டிய மாட்டு வண்டி தெருத் தெருவாகத் தமுக்கடித்துப் போனது. தட்டியில் பெரிய எழுத்தில் 'வாடகை மாமனார்'. அதன் கீழே, புதிய நடிகர்கள், புதிய பாட்டுகள், புத்தம் புதிய தயாரிப்பு.

நாகராசு அப்போது கிணற்றடியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தான். தமுக்குச் சத்தம் தெரு முனை தாண்டிய பிறகும் தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் அடைக்கலத்தின் மகளுக்குக் கல்யாணம். அடைக்கலம் ஊரில் கொஞ்சம் வாய் பெருத்த ஆள். எதையும் பந்தயமாக்கிப் பார்ப்பவர். அவர் சமையல்கட்டுக்கு வந்து, "நாகராசு, நல்லா அமைஞ்சு போச்சு பாத்தியா. நாளைக்குச் சாயங்காலம் மொத ஆட்டத்துக்கு ஊரோட போறோம், புதுசப் பாக்குறோம். மறுநாள் காய் நறுக்கும்போது நீ பழசச் சொல்ற. எது ஒசத்தின்னு அங்கயே தீந்துபோகும்" என்றார்.

"அதெல்லாம் எதுக்குங்க?"

"ஏன்யா, உள்ளத உள்ளபடி சொல்றவனுக்கு என்ன பயம்?"

நாகராசு சிரித்து வைத்தான். அதற்குப் பிறகு அவனுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தெருவுக்குப் போனான். தெருவிலிருந்து கொட்டகை வரைக்கும் நடந்தான். கூடாரத்துக்கு வெளியே ஒட்டியிருந்த படங்களில் பந்தி தெரிகிறதா என்று பார்த்தான். ஒன்றில் வாழை இலை மாதிரி ஏதோ தெரிந்தது. கிட்டப் போனால் கதாநாயகியின் புடவைக் கரை. திரும்பி வந்தபோது பால் பொங்கி வழிந்து அய்யாக்கண்ணு கரண்டியோடு நின்றார்.

"மாப்ள, ஒன் நெனப்பு எங்கதான் இருக்கு?"

புதியதில் பந்தி இல்லையென்றால்? இல்லாமல் போகட்டும், பழையதில்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆத்மநாதன் இருக்கிறார். பழைய படத்தை ஒரு கோடை முழுக்க ஓட்டியவர் அவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால், உள்ளபடி சொல்கிறவன் என்று இத்தனை வருஷமாகக் கட்டிய பேர் பந்தலோடு சரிந்துவிடும். அதன் பிறகு அவன் யார்? சாம்பாரில் புளி தூக்குகிறவன்.

மறுநாள் கொட்டகை நிரம்பிவிட்டது. நடுவில் கட்டிய தட்டிக்கு இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். நாகராசு மணலில் அடைக்கலத்துக்குப் பக்கத்தில் அகப்பட்டுக்கொண்டான். அங்கிட்டும் இங்கிட்டும் நகர இடமில்லை.

படம் ஓடியது. முறுக்குக்காரனைக் காணோம், அவனுக்குப் பதில் வேலையிழந்த ஒரு நாடகக்காரன். பட்டு வேட்டிக்குப் பதில் கோட்டும் தொப்பியும். குடை கைத்தடியாகியிருந்தது. பழைய படத்தில் சத்தம் மழையில் நனைந்த மேளம்போல் கேட்கும். இதில் ஒவ்வொரு சொல்லும் காதுக்குள் வந்து விழுந்தது. நல்லாத்தான் எடுத்திருக்கான் என்று நாகராசுக்கே தோன்றியது. இரண்டு இடத்தில் தன்னை மறந்து சிரித்தும்விட்டான். ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. யோசித்துப் பார்த்துக் கண்டுபிடித்தான். பழைய முறுக்குக்காரன் ஒரு வேடிக்கை சொன்னால் உடனே அடுத்ததற்குப் போக மாட்டான். முகத்தை நம் பக்கம் திருப்பி, சிரித்து முடிக்கும் வரைக்கும் கல்லாட்டம் நிற்பான். இவன் நிற்கவில்லை. கொட்டகை சிரிக்கிற சத்தத்தில் இவனுடைய அடுத்த பேச்சு வீணாகப் போனது. அப்புறம், இவன் அழுதான். தனக்கு யாருமில்லை என்று நிலாவைப் பார்த்து ஒரு பாட்டு வேறு. பழையவன் அழுததே இல்லை.

"என்னப்பா இவன் ஒப்பாரி வைக்கிறான்?" என்றார் அடைக்கலம். "சரி, பந்தி வரட்டும். அதுல பாப்போம்."

ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். ஒரே மிஷின்தான், ஒவ்வொரு ரீலுக்கும் நிறுத்தித்தான் மாட்ட வேண்டும். அந்த வெளிச்சத்தில் ஜனம் முழுக்கத் தன்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல் நாகராசுக்கு இருந்தது. உண்மையில் சிலர் பார்க்கவும் செய்தார்கள். "அடுத்து ஒன் பந்திதாம்டா" என்று பின்னாலிருந்து ஒருவன் முதுகில் தட்டினான்.

விளக்கு அணைந்தது. ஊஞ்சலுக்குப் பதில் மோட்டார் கார். அதில் இரண்டு மாமனார்களும் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தார்கள். கார் ஒரு கல்யாண வீட்டு வாசலில் போய் நின்றது. உள்ளே வரிசையாக வாழை இலை.

"வருது, வருது!" என்றது பெண்கள் பக்கம். இரண்டு மாமனார்களும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஒரு கணம், வந்துவிடுமோ என்றுகூட நாகராசு நினைத்தான். அப்போது வீணைச் சத்தம் கேட்டது. பந்தி மறைந்து பூந்தோட்டம் வந்தது. கதாநாயகி ஆடினாள். ஆடி முடித்தபோது எல்லாரும் சமாதானமாகிக் கை கூப்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய்! பந்தி எங்கடா?" என்று முதல் குரல் கிளம்பியது. அடுத்த நொடி கொட்டகை முழுக்க எழுந்துவிட்டது. "வெட்டிட்டான்! ரீல வெட்டிட்டான்!" திரை மேல் மணல் விழுந்தது. அடைக்கலம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மிஷின் அறைக்குப் போய், ஆபரேட்டர் முத்துராமனைச் சட்டையோடு பிடித்து வெளியே இழுத்தார்.

"எங்கடா ஒளிச்சு வச்சிருக்க? அடுத்த ஊருக்கா?"

"அய்யா, நான் எதையும் வெட்டலைங்க! வந்த பெட்டி இதுதாங்க!"

"அது இல்லாம மாமனார் படமா? நல்ல துண்டா வெட்டி எடுத்துக்கிட்டு எங்களுக்குத் தோட்டத்தக் காட்டுறியா?" இன்னொரு கை முத்துராமனின் கழுத்துக்குப் போயிற்று.

ஆத்மநாதன் ஓடி வந்தார். "விடுங்க, விடுங்க அவன! என்ன பந்தி? பழைய படத்தையும் நாந்தான் ஓட்டினேன். அதுலயும் பந்தி கெடையாதுங்க."

இதற்குப் பெண்கள் பக்கமிருந்து பதில் வந்தது. கீரை விற்கும் மூக்காயி தட்டியையே சாய்த்துக்கொண்டு வந்தாள். "கெடையாதா? என்ன பேச்சுப் பேசுறீக! நான் எங் கண்ணால பாத்தேன். பட்டு வேட்டிய மடிச்சுக் கட்டி, வாளியத் தூக்கிக்கிட்டு அந்த ஆளு வந்தாரு. வாளியில ரசம் தளும்புனது இன்னும் கண்ணுல நிக்கிது!"

மூக்காயி அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. அந்தக் கோடையில் அவள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். ஆனால் அவள் பொய் சொல்லவில்லை; அவளுக்கு அது நிஜமாகவே கண்ணில் நின்றது.

"நாகராசு!" என்றார் ஆத்மநாதன். "நீதான்யா எங்களுக்கு ஆக்கிப் போட்ட, தெனமும் பாத்த. சொல்லு. இருந்துச்சா, இல்லையா?"

பெட்ரோமாக்ஸ் விளக்கு அவன் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. முத்துராமன் கழுத்தில் பிடியோடு அவனைப் பார்த்தான். இருந்தது என்றால் இந்த ஆபரேட்டர் அடிபடுவான். இல்லை என்றால்... அவன் வாய் திறந்தது, மூடியது.

"இல்ல" என்று ஒரு குரல் கேட்டது. அவனுடையது அல்ல.

சாய்ந்த தட்டிக்கு அப்பால் சொர்ணவல்லி நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள், அரிசி அளக்க வருகிறவள் மாதிரி. "பழைய படத்துல பந்தி இல்ல. நான் கடைசி நாள் ஆட்டம் பாத்தேன். ஊஞ்சலு, மன்னிப்பு, முடிஞ்சு போச்சு. இந்தத் தம்பிய விடுங்க, பாவம். பந்தி வேற எவன் மூளையிலயும் உதிக்கல. எந் தம்பி வச்சது. எந் தம்பி நாகராசு வச்சது!"

கடைசிச் சொற்களைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. பயத்தால் அல்ல. மூட்டைக்குள் குத்திக் குத்தி அடக்கி வைத்த பெருமை அது.

அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்பது ஊருக்குத் தெரியும். பிடி தளர்ந்தது. முத்துராமன் சட்டையைச் சரிசெய்துகொண்டு மிஷின் அறைக்குள் ஓடிவிட்டான்.

அடைக்கலம் நாகராசைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இத்தன வருசமா படம் படம்னு சொல்லி ஒன் கதைய எங்க காதுல ஊத்துனியா?"

பின்னாலிருந்து இன்னொருவன், "எது எப்படியோ, வச்சவன் இங்கதான இருக்கான்! செய்யச் சொல்லுங்கய்யா! திரைக்கு முன்னால நிக்க வைங்க!" என்று கத்தினான். "செய்யி, செய்யி!" என்று கூட்டம் பிடித்துக்கொண்டது. நான்கைந்து கைகள் அவனை வெள்ளைத் திரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தின.

எத்தனையோ பாய்களில், எத்தனையோ பந்தல்களில் அவன் செய்தது. வேட்டியை மடித்துக் கட்டினான். வாளியைப் பிடிக்கக் கையை நீட்டினான். கை அங்கேயே நின்றுவிட்டது. இதுவரை அவன் முறுக்குக்காரனாக நின்றிருக்கிறான். இப்போது எல்லாரும் நாகராசைப் பார்க்கிறார்கள். பூசணிக்காய்க்கு மீசை வைத்த பையனை. 'இங்கன' என்று தொடங்கினான். அடுத்த சொல் வரவில்லை. யாரோ ஒருவன் இளித்தான். நாகராசு கூடாரத் துணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அக்கா பின்னாலேயே ஓடி வந்தாள். "டேய்! நில்லுடா!"

"ஏங்க்கா இப்படிச் செஞ்ச?"

"பின்ன? அந்தப் பயல அடிச்சுக் கொல்ல விடச் சொல்றியா?"

"அதுக்கு இல்லேன்னு மட்டும் சொல்லியிருக்கலாம்ல? நான் வச்சதுன்னு எதுக்குச் சொன்ன?"

அவள் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து உதறினாள். "சொல்லாம எப்படிடா இருக்கிறது?" என்றாள்.

மறுநாள் பிற்பகல் பந்தலுக்குப் பின்னால் காய் குவிந்தது. ஜனம் வந்தது, வேடிக்கை பார்க்க வந்த ஜனம்போல் இருந்தது. அடைக்கலமும் வந்து ஒரு புடலங்காயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "முந்தாநாளு பேசுனது பேசுனதுதான். பழைய படத்தச் சொல்லு. அதுல இருந்தத மட்டும் சொல்லு" என்றார்.

நாகராசு சொன்னான். படத்தில் இல்லாததை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டுச் சொன்னான். பந்தியை எடுத்தான். குதிரை வண்டிக்காரனோடு நடக்கும் சண்டை நினைவுக்கு வந்தது, அதுவும் படத்தில் இல்லை, ஏதோ ஒரு கல்யாணத்தில் முளைத்தது, எடுத்தான். வீட்டுக்காரரின் இருமல்? படத்தில் அவர் இருமினாரா? அக்காவைப் பார்த்தான். உப்பு அளந்துகொண்டிருந்தவள் தலையை ஆட்டினாள். இருமவில்லை. அதையும் எடுத்தான். எடுக்க எடுக்கக் கதை நெல்லை விட்டுப் பறக்கும் பதர் மாதிரி லேசாகிக்கொண்டே போனது. ஊஞ்சல் ஆடியது, வீட்டுக்காரர் மன்னித்தார், முடிந்தது.

பாதிப் பூசணிகூட நறுக்கியாகவில்லை.

"அம்புட்டுத்தானா?" என்றாள் மூக்காயி.

"அம்புட்டுத்தான்."

"என்னமோ போங்க. அக்காளும் தம்பியும் சேந்துக்கிட்டு நல்ல படத்தக் கெடுத்துப்புட்டீக. நான் பாத்தது இதுல்ல."

கத்திச் சத்தம் மட்டும் கேட்டது. ஒருத்தி பிள்ளை அழுவதாகச் சொல்லி எழுந்தாள். இன்னொருவர் வானத்தைப் பார்த்தார். பாயில் ஒரு இடம் காலியாயிற்று, பிறகு இன்னொன்று. நாகராசு வாழைக்காயைச் சீவிக்கொண்டே இருந்தான். தோல் தடிமனாக வந்தது, சதையோடு.

அடைக்கலம் புடலங்காயை இரண்டாக வெட்டினார். தொண்டையைக் கனைத்தார். காயைப் பார்த்தபடியே, "ஏன் நாகராசு, ரொம்ப நாளா ஒரு சந்தேகம்" என்றார். "அந்த ஆளு எல்லாருக்கும் பரிமாறிட்டு, தன்னோட எலைன்னு தெரியாமக் கத்துறான்ல. அப்பறம் அவனுக்கு யாரு சோறு போட்டா?"

நாகராசு நிமிர்ந்தான். அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. அவனும் நினைத்ததில்லை. எழுந்த பிள்ளைக்காரி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது படத்துல இல்லைங்க" என்றான்.

"தெரியும்யா. நீ சொல்லு."

அக்கா படியை மூட்டையில் வைத்தபடி அசையாமல் இருந்தாள். அவன் கத்தியைக் கீழே வைத்தான், எடுத்தான், மறுபடியும் வைத்தான். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். காலியாகிவிட்ட இரண்டு இடங்களுக்கும் நடுவே போய் நின்று, இடுப்பில் கையை ஊன்றி, பாயைக் குனிந்து பார்த்தான்.

"கத்திக்கிட்டே இருக்கானா" என்று தொடங்கினான், "அப்பப் பின்னாலருந்து ஒரு கை வந்து அவன் தோளப் புடிக்கிது..."

யாருடைய கை என்று அவனுக்கு இன்னும் தெரியாது. பிள்ளைக்காரி திரும்பி வந்து பாயில் உட்கார்ந்து, அரிவாள்மனையைக் காலுக்குள் இழுத்துக்கொண்டாள்.